உறையாத ஜெலே, எடை போட்ட சட்டி, பெயர் சொல்லாத ஜெலட்டின்

கோடை வந்துவிட்டால் பிரெஞ்சு வீடுகளில் குளிர்ந்த ஜெலே உணவுகள் மேசைக்கு வரும். தெளிந்த இறைச்சிச் சாறை, விலங்குத் தோலிலும் எலும்பிலும் எடுக்கும் ஜெலட்டினால் உறையவைத்து, அதற்குள் முட்டை, கோழி, பன்றித்தொடை என்று எதையாவது அடுக்கி, அச்சிலிருந்து கவிழ்த்துப் பரிமாறுவார்கள். பிரான்சில் இருக்கும் நம்மவர்களும் இப்போது இதை வீட்டில் செய்கிறார்கள், கடையிலும் வாங்குகிறார்கள். கடிதங்கள் நிறைய வந்ததால் இந்த முறை முழுக்க இதுதான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

எல்லை தாண்டிப் போய் ஜெர்மனியின் கேல் நகரத்தில் ஜெலட்டின் தாள் மலிவாக வாங்கினேன். பக்கத்து வீட்டு பிரெஞ்சு அம்மா சொன்னபடி அரை லிட்டர் சாறுக்கு 6 தாள். கொதிக்கிற சாறிலேயே போட்டுப் பத்து நிமிடம் விட்டேன். விருந்தாளிகள் முன்னால் கவிழ்த்தால் கோழித் துண்டெல்லாம் தட்டில் மிதக்கிறது. எனக்குப் போலிச் சரக்கு விற்றுவிட்டார்களா? — ஸ்ட்ராஸ்பூர்

போலி இல்லை. பிரெஞ்சுக் கடைகளில் விற்கும் தாள் ஒன்று சுமார் 2 கிராம். ஜெர்மன் பாக்கெட்டில் 6 தாள் சேர்ந்தே 10 கிராம்தான். பக்கத்து வீட்டு அம்மா மனதில் இருந்தது 12 கிராம், நீங்கள் போட்டது 10. கிண்ணத்தில் வைத்துக் கரண்டியால் சாப்பிட அது போதும். கவிழ்த்து நிறுத்தப் போதாது. அதனால் தாளை எண்ணாதீர்கள். பாக்கெட்டின் நிகர எடையைத் தாள்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்.

தொழில்முறைக் கடைகளில் வாங்கினால் இன்னொன்றும் பார்க்க வேண்டும். அங்கே வெண்கலம், வெள்ளி, தங்கம், பிளாட்டினம் என்று தரம் போட்டிருப்பார்கள். உறையவைக்கும் வலிமை அந்த வரிசையில் கூடும். அதை ப்ளூம் என்ற எண்ணால் குறிப்பார்கள், தங்கத் தாளுக்கு அது 200ஐ ஒட்டி வரும். சாதாரணக் கடைத் தாள் என்றால், கவிழ்க்க வேண்டிய அரை லிட்டருக்கு 12 முதல் 14 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். ஒயினோ எலுமிச்சையோ தாராளமாக ஊற்றினால் இன்னும் கொஞ்சம் கூட்டுங்கள், புளிப்பு ஜெலட்டினைத் தளர்த்தும்.

கொதிக்கவிட்டதும் கெடுதல்தான். தாளைக் குளிர்ந்த நீரில் 5 முதல் 10 நிமிடம் ஊறவைத்து, பிழிந்து, அடுப்பிலிருந்து இறக்கிய சூடான சாறில் கரைக்க வேண்டும். அச்சில் ஊற்றுவதற்கு முன் ஒரு கரண்டிச் சாறை சின்னத் தட்டில் விட்டுப் பத்து நிமிடம் குளிர்பெட்டியில் வைத்துப் பாருங்கள். தட்டில் உறையாதது அச்சிலும் உறையாது.

மீந்த ஜெலேயை உறைபெட்டியில் போட்டு வைக்கலாமா? — நாந்த்

கூடாது. பனி உருகும்போது தண்ணீர் பிரிந்து ஜெலே சிதைந்துவிடும். குளிர்பெட்டியின் குளிரான தட்டில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள்.

நாங்கள் மாட்டிறைச்சி தொடாத குடும்பம். கடையில் வாங்கிய சால்மன் ஜெலேயின் பெட்டியில் ‘ஜெலட்டின்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. எந்த விலங்கு என்று கேட்டு நிறுவனத்துக்கு எழுதி இரண்டு மாதம் ஆகிறது, பதில் இல்லை. இப்படி மறைப்பது சட்டப்படி சரியா? — செர்ஜி

சட்டப்படி அவர்கள் தவறு செய்யவில்லை. எனக்குக் கோபம் அந்தச் சட்டத்தின் மேல்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவுத் தகவல் விதி, 1169/2011, 2014 டிசம்பர் 13 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒரு பிஸ்கட்காரர் வெறுமனே ‘தாவர எண்ணெய்’ என்று எழுதித் தப்பிக்க முடியாது. பனையா, சூரியகாந்தியா, கடுகா என்று சொல்லியாக வேண்டும். ஆனால் ஜெலட்டின் பன்றித் தோலிலிருந்து வந்ததா, மாட்டிலிருந்து வந்ததா என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. விரும்பினால் சொல்லலாம். பனை எண்ணெயை அறிந்து தவிர்க்கும் உரிமை எனக்கு உண்டு, பன்றியையோ பசுவையோ அறிந்து தவிர்க்கும் உரிமை கிடையாது. இந்த நாட்டில் மாடு சாப்பிடாதவர்கள், பன்றி சாப்பிடாதவர்கள், இரண்டும் சாப்பிடாதவர்கள் லட்சக்கணக்கில் வரி கட்டி வாழ்கிறோம். பெட்டியில் கூடுதலாக ஒரே ஒரு சொல் அச்சடிப்பதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பெட்டி இல்லாத சரக்கு இன்னும் மோசம். தயார் உணவுக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வெட்டித் தருகிற உணவுக்கு, ஒவ்வாமை தரும் பொருள்களை மட்டும் எழுதிக் காட்டினால் போதும். பன்றி ஜெலட்டினும் மாட்டு ஜெலட்டினும் அந்தப் பட்டியலில் இல்லை. என் அம்மா புதுச்சேரியிலிருந்து வந்து தங்கியிருந்தபோது அப்படி ஒரு கடையில் காய்கறி ஜெலே வாங்கினேன். அம்மா சுத்த சைவம் என்று சொல்லி, இரண்டு தடவை கேட்டேன். ‘அகர்-அகர்தான் மேடம், கவலையே வேண்டாம்’ என்றார் கடைக்காரர். அகர் என்பது கடல்பாசியிலிருந்து எடுப்பது. ஜூலை மாத மதியம். மேசையில் வைத்த கொஞ்ச நேரத்தில் ஜெலே தண்ணீராக ஓடியது. அகர் அப்படி உருகவே உருகாது, அதை உருக்க 85 டிகிரி சூடு வேண்டும். முப்பது டிகிரியைத் தாண்டியதும் இளகுவது ஜெலட்டின். அம்மா அதற்குள் இரண்டு வாய் சாப்பிட்டிருந்தார். திரும்பப் போய்க் கேட்டால், ‘பன்றி ஜெலட்டின்தான், ஆனால் ரொம்பக் கொஞ்சம்’ என்கிறார். பணத்தைத் திருப்பித் தந்தார். அம்மா அதன் பிறகு ஊர் திரும்பும்வரை வெளியில் வாங்கிய எதையும் தொடவில்லை. அந்தக் கடைக்காரரை நான் மன்னிக்கவில்லை.

நீங்கள் செய்யக்கூடியது: ‘மீன் ஜெலட்டின்’ என்று பெயர் சொல்லியிருக்கும் பெட்டியை மட்டும் வாங்குங்கள். சும்மா ‘ஜெலட்டின்’ என்றால் பன்றி அல்லது மாடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். பிரெஞ்சுக் கடைத் தாள்கள் பெரும்பாலும் பன்றித் தோலில் செய்தவை. வீட்டில் செய்வதானால், யூதர்களின் உணவு விதிப்படி விற்கும் கோஷெர் கடைகளில் மீன் ஜெலட்டின் கிடைக்கும். ஹலால் கடையில் கிடைப்பது பெரும்பாலும் மாட்டு ஜெலட்டின், அது உங்களுக்கு ஆகாது. பதில் போடாத நிறுவனத்தின் சரக்கை மறுபடி வாங்காதீர்கள்.

பன்றித்தொடையோடு அன்னாசித் துண்டுகள் வைத்து ஜெலே செய்கிறேன். மூன்று கம்பெனித் தாள் மாற்றியாகிவிட்டது, எதுவும் உறையவில்லை. இரண்டு கடைகளில் சண்டை போட்டுப் பணம் திரும்ப வாங்கினேன். நல்ல கம்பெனி எது? — இவ்ரி

மூன்றும் நல்ல கம்பெனிதான். பச்சை அன்னாசியில் இருக்கிற நொதி ஜெலட்டினின் புரதத்தைத் துண்டாக்கிவிடும். எத்தனை கம்பெனி மாற்றினாலும் இதேதான் நடக்கும். பப்பாளி, கிவி, பச்சை இஞ்சி எல்லாம் இந்த வகைதான். பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படிக்காமல் கடைக்காரரோடு சண்டைக்குப் போவது நியாயமே இல்லை. அந்த இரண்டு கடைகளுக்கும் போய்ப் பணத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். டின்னில் அடைத்த அன்னாசி சூடுபட்டது, அதைப் போடலாம். பச்சையாகவே வேண்டுமென்றால் அகருக்கு மாறுங்கள்.

அப்படியானால் அகர் எங்கே வாங்குவது? இயற்கை அங்காடியில் கொள்ளை விலை. — லா கூர்னேவ்

பாரிஸ் 13ஆம் வட்டாரத்து ஆசியக் கடைகளில் 25 கிராம் பாக்கெட்டாக வாங்குங்கள். ஊரில் கடல்பாசி, சைனா கிராஸ் என்று வாங்குவோமே, அதே சரக்கின் தூள். அரை லிட்டருக்கு 2 கிராம், கட்டாயம் கொதிக்கவிட வேண்டும். பக்கத்திலேயே ‘ஜெல்லி தூள்’ என்று சர்க்கரையோ, கராஜீனன் என்ற வேறொரு உறையவைக்கும் பொருளோ கலந்த பாக்கெட்டும் இருக்கும், அதை எடுத்துவிடாதீர்கள். ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: அகர் ஜெலே வாயில் கரையாது, கடித்துத்தான் சாப்பிட வேண்டும். காய்கறிக்குப் பரவாயில்லை. முட்டை ஜெலேக்கு எனக்குப் பிடிக்காது.

என் மாமியாருக்கு பிரெஞ்சு அவ்வளவாகத் தெரியாது. சந்தையில் கனமான மண்சட்டியில் உறையவைத்த முயல் ஜெலே வாங்கினார். சட்டியோடு தராசில் வைத்து, மொத்த எடைக்கும் ஜெலே விலை போட்டிருக்கிறார்கள். வீட்டில் நிறுத்தால் பாதி எடை சட்டி. கேட்கப் போனால் ‘சட்டி அழகாக இருக்கிறதே’ என்கிறார்கள். — அர்ஜந்தெய்

இது ஏமாற்று, சந்தேகமே வேண்டாம். பிரான்சில் உணவை நிகர எடைக்குத்தான் விற்க வேண்டும், வெறும் பாத்திரத்தின் எடையைக் கழித்தாக வேண்டும். சட்டிக்குக் காசு வேண்டுமானால் அதற்குத் தனி விலை சொல்லி, வாங்குபவர் சம்மதித்த பிறகு வாங்கட்டும். மாமியாரையும் சட்டியையும் ரசீதையும் கூட்டிக்கொண்டு நீங்களே போங்கள். மறுபடி நிறுக்கச் சொல்லி வித்தியாசத்தைக் கேளுங்கள். மறுத்தால் அரசின் சிஞ்ஞால்கோன்ஸோ தளத்தில் புகார் போடுங்கள், இலவசம்தான், அது நுகர்வோர் மோசடித் தடுப்புத் துறைக்குப் போகும். மொழி தெரியாதவர் என்று பார்த்துச் செய்திருக்கிறார்கள். விடாதீர்கள். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.

பொருட்காட்சியில் ஒருவர் அருமையாக ஜெலே செய்து காட்டினார். மயங்கி 640 யூரோவுக்கு அச்சுகள், வெற்றிட இயந்திரம் எல்லாம் கையெழுத்துப் போட்டு வாங்கிவிட்டேன். தாளைப் படிக்கவில்லை. இப்போது வேண்டாம். 14 நாளுக்குள் திருப்பலாம்தானே? — எவ்ரி

முடியாது. 14 நாள் உரிமை இணையம், தொலைபேசி, வீடு தேடி வரும் விற்பனை இவற்றுக்குத்தான். பொருட்காட்சியில் வாங்கியதற்குக் கிடையாது. 2015 மார்ச் முதல் இதைக் கடையில் பலகை வைத்துச் சொல்ல வேண்டும், ஒப்பந்தத்திலும் தெளிவாக அச்சடிக்க வேண்டும். நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளில் அந்த வாசகம் இருக்கிறதா என்று இப்போதாவது படியுங்கள். இல்லையென்றால் புகாருக்கு இடம் உண்டு. அந்தச் சாமானுக்கென்றே கடன் எடுத்திருந்தாலும் ஒரு வழி இருக்கிறது, அந்தக் கடனை 14 நாளுக்குள் ரத்து செய்தால் விற்பனையும் ரத்தாகும். இரண்டும் இல்லையென்றால் 640 யூரோ போனதுதான். ஜெலேக்கு ஒரு ரொட்டி அச்சே போதும்.

வீட்டு வாசல் சந்தையில் 12 யூரோவுக்குப் பழைய செப்பு அச்சு வாங்கினேன். உள்ளே அங்கங்கே செம்பு தெரிகிறது. ஒயின் ஜெலே ஊற்றலாமா? — ரூவான்

ஊற்றாதீர்கள். ஈயப் பூச்சு தேய்ந்த செம்பில் புளிப்பு பட்டால் களிம்பு ஏறும், அது விஷம். ஈயம் பூசக் கொடுங்கள். உங்கள் பக்கம் நோர்மந்தியிலேயே வில்தியூ-லே-புவால் செப்புப் பாத்திரத்துக்குப் பேர்போன ஊர். கூலி அச்சின் விலையைத் தாண்டலாம், முதலில் விசாரியுங்கள். விற்றவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணுக்குத் தெரிந்த தேய்மானம் மறைந்த குறையாகாது.

அக்கா, நான் ஏழு மாதக் கர்ப்பிணி. கணவர் வீட்டு விருந்தில் கடையில் வாங்கிய முட்டை ஜெலே வைத்தார்கள். ‘வெந்த முட்டைதான், பயமில்லை’ என்று கடைக்காரர் சொன்னாராம். ஒன்று சாப்பிட்டேன். பிறகு யாரோ பயமுறுத்திவிட்டார்கள். — போர்தோ

கடைக்காரர் சொன்னது தவறு, தங்கச்சி. கர்ப்பிணிகள் பாத்தே, ரியெத் என்ற இறைச்சி விழுதுகளோடு ஜெலே வைத்த பண்டங்களையும் தவிர்க்க வேண்டும் என்பது இங்கே அதிகாரபூர்வ அறிவுரை. காரணம் லிஸ்தெரியா என்ற கிருமி. குளிர்பெட்டிக் குளிரிலும் அது வளரும். 1992இல் பிரான்சில் 279 பேருக்கு வந்த பெரிய லிஸ்தெரியா பரவலில் முக்கியமாக மாட்டியது ஜெலேயில் வைத்த பன்றி நாக்கு. அந்த முட்டையும் மஞ்சள் கரு இளகி ஓடும்படி அரைவேக்காட்டில் வைப்பது, அதுவும் உங்களுக்கு இப்போது வேண்டாம்.

ஒரு முட்டை சாப்பிட்டதால் ஏதோ ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆனால் மருத்துவரிடமோ தாதியிடமோ சொல்லிவையுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல், உடல்வலி வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். விருந்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் கணவரைச் சொல்லச் சொல்லுங்கள்.

பாக்கெட், தாள் எதுவும் இல்லாமல் அந்தக் காலத்து முறையில் செய்ய ஆசை. இறைச்சிக் கடையில் என்ன கேட்பது? — லியோன்

பிரெஞ்சுப் பாட்டிகள் போடுவது கன்றுக்குட்டிக் கால், கூடவே பன்றித் தோல். இரண்டு மூன்று நாள் முன்பே சொல்லிவைத்து, காலை நீளவாக்கில் பிளந்து தரச் சொல்லுங்கள். மாடு ஆகாது என்றால் பன்றிக் கால் இரண்டு. அதுவும் வேண்டாமென்றால் கோழிக் கால், ஆசியக் கடைகளில் கிடைக்கும். இரவு மீந்த ஆட்டுக்கால் பாயா காலையில் கெட்டியாகி நிற்குமே, இங்கேயும் அதே வேலைதான் நடக்கிறது. ஒரு கொதி விட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் காரட், வெங்காயம், தைம் சேர்த்து நான்கு மணி நேரம் சின்னத் தீயில் வையுங்கள். பொங்கிக் கொதித்தால் கலங்கிவிடும். ஆறவைத்துக் கொழுப்பை எடுத்த பிறகு, லிட்டருக்கு இரண்டு முட்டை வெள்ளைக்கருவை அடித்துக் கலந்து மெல்லச் சூடாக்கினால் அழுக்கெல்லாம் மேலே ஆடையாக வரும். ஈரத் துணியில் வடிகட்டுங்கள். செலவு குறைவு, ஒரு நாள் முழுக்கப் போகும், ருசியில் பாக்கெட் பக்கத்தில் நிற்காது.

மதேரா ஜெலே பாக்கெட்டில் உண்மையிலேயே மதேரா ஒயின் இருக்கிறதா? — துலூஸ்

பின்பக்கம் பாருங்கள். பெயரில் ஒரு பொருளைப் போட்டு விற்றால் அது எத்தனை சதவீதம் என்று பட்டியலில் போட வேண்டும். ‘மதேரா சுவை’ என்று மட்டும் இருந்தால் ஒயினை எதிர்பார்க்காதீர்கள். வெறும் ஜெலே பாக்கெட் வாங்கி, கரைத்து இறக்கிக் கொஞ்சம் ஆறியதும், அரை லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி நல்ல மதேராவோ போர்ட்டோவோ ஊற்றிக்கொள்ளுங்கள்.