ஜீ: வில்லின் விசை

வணக்கம் சார். ‘நெருக்கடி’ என்பதற்கான சீனச் சொல்லில் ஆபத்தும் வாய்ப்பும் சேர்ந்தே இருப்பதாக ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். அந்த இரண்டு எழுத்தையும் எங்கள் டியூஷன் சென்டர் சுவரில் எழுத ஆசை. விளக்கம் சரிதானா? பழைய நூல்களில் இப்படி வருகிறதா? சீனம் கற்க எந்த ஆப் நல்லது?

அன்புள்ள நண்பருக்கு,

எழுதாதீர்கள். எழுதுவதற்கு முன் கேட்டீர்களே, அந்த நிதானம் உங்கள் மாணவர்களின் பாக்கியம். சில நாட்களாக அந்த இரண்டில் ஒன்றான ‘ஜீ’யைத்தான் சுவாங்சி என்ற பழைய சீனத் தத்துவ நூலில் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

1959இல் கென்னடியே மேடையில் சொன்ன வாசகம் இது. பெரிய மனிதர் சொன்னால் எழுத்தின் பொருள் மாறிவிடுமா? நெருக்கடியைக் குறிக்கும் ‘வெய்ஜீ’யில் வெய் ஆபத்து, சரி. ஜீ வாய்ப்பு அல்ல. ‘ஜீஹுவெய்’ என்று இன்னோர் எழுத்தோடு சேரும்போதுதான் அது வாய்ப்பு. விமானத்தைக் குறிக்கும் ‘ஃபெய்ஜீ’யிலும் இதே ஜீ உண்டு. பறக்கும் வாய்ப்பு என்றா படிப்பீர்கள்?

கி.பி. 100 வாக்கில் சூ ஷென் தொகுத்த அகராதி, எய்வதை ஆளும் பகுதியே ஜீ என்கிறது. குறுக்கு வில்லின் வெண்கல விசை அது. இழுத்த நாணைப் பல் போன்ற கொக்கி பிடித்திருக்கும். அது புரளாதபடி உள்ளே ஒரு துண்டு தடுத்திருக்கும். கீழே தொங்கும் நெம்பை விரலால் இழுத்தால் தடுப்பு நழுவும், பல் முன்னோக்கிச் சாயும், நாண் விடுபடும். அந்த நொடிக்குப் பின் அம்பைத் திருப்பி அழைக்க முடியாது. வெய்ஜீயின் ஜீ இந்த வழியில் வந்தது: நிலைமை எந்தப் பக்கமும் புரளக்கூடிய கட்டம். அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

தறிக்கும் இதே எழுத்துதான். மகன் படிப்பை விட்டதும் சீனத் தத்துவஞானி மென்சியஸின் தாய் அறுத்தெறிந்தது ஜீயில் இருந்த நெசவை.

சுவாங்சியின் பன்னிரண்டாம் அத்தியாயத்தைப் பாருங்கள். ஒரு கிழவர் கிணற்றுக்குள் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டு வந்து பாத்திக்கு ஊற்றுகிறார். கன்ஃபூசியஸின் மாணவர் ட்சுகோங், ஒரே நாளில் நூறு பாத்தி பாய்ச்சும் கருவி இருக்கிறதே என்கிறார். பின்பாரம் வைத்த மரம். நம் ஊர் ஏற்றமேதான். கிழவர் கோபத்தில் முகம் மாறி, பிறகு சிரித்துச் சொல்கிறார்: ஜீ உள்ள கருவி இருந்தால் ஜீ உள்ள காரியம் வரும், அது வந்தால் ஜீ உள்ள நெஞ்சும் வரும். இங்கே ஜீ என்றால் சூழ்ச்சி. விசை, தறி, சூழ்ச்சி என்று ஒரே எழுத்து இத்தனை தூரம் போகிறது. இதை விட்டுவிட்டு ஒரு சுவர் வாசகத்துக்குள் அதை அடைக்கலாமா?

எழுத்துகளை உறுப்பு வாரியாகவும், எழுதும் கோடுகளின் எண்ணிக்கைப்படியும் அடுக்கிய பழைய சீன அகராதியான காங்ஸியில் நீங்களே தேடுங்கள். ‘மரம்’ என்ற 75ஆம் உறுப்பின் கீழ், அதன் நான்கு கோடு போக மீதி பன்னிரண்டு கோடுள்ள எழுத்துகளில் இருக்கும். இன்றைய சீன அச்சில் உள்ள எளிய வடிவத்தில் இந்த எழுத்துக்கு மொத்தமே ஆறு கோடுதான். அந்த வடிவத்தை வைத்துக்கொண்டு இரண்டு கோட்டு வரிசையில் தேடினால் ஏதோ ஒரு மரத்தின் பெயரில் போய் நிற்பீர்கள். பழைய நூல்களில் அது வேறு எழுத்து. எளிய வடிவத்தை மட்டும் கற்றவர்கள் தடுக்கி விழும் இடம் இது. பழஞ்சீனம் படிக்க வேண்டுமானால் பதினாறு கோட்டு வடிவத்தைக் கைப்பழக்கம் ஆகும்வரை எழுதிப் பாருங்கள்.

எந்த ஆப்பானாலும் சரி.