ஹீமோகுளோபின் ஏறியதால் சோதனையைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: நான் ஆண், வயது 54. ஆறு மாதத்துக்கு முன் ஹீமோகுளோபின் 9.4, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு) 8 என்று வந்தது. இரும்பு ஏறிய லாக்டோஃபெரின் என்ற பால் புரதம் புற்றுநோய்ச் செல்களை அழிக்கும் என இணையத்தில் படித்து, இரும்புச்சத்தும் சேர்ந்த கேப்சூலை நானே வாங்கிச் சாப்பிடுகிறேன். இப்போது ஹீமோகுளோபின் 11.6. என் அப்பா பெருங்குடல் புற்றுநோயால் இறந்தவர். கேப்சூலின் அளவைக் கூட்டலாமா? பால் குடிப்பது ஆபத்தா? வாயுவும் நகம் உடைவதும் எதனால்?

பதில்: ‘எனக்கும் அப்பாவுக்கு வந்தது வந்துவிட்டதா?’ என்பதுதான் உங்கள் கேள்வி. கடிதத்தில் அது மட்டும் இல்லை. உங்களுக்குக் கேப்சூல் தேவையில்லை, பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி தேவை. கூடவே இரைப்பைக்கு எண்டோஸ்கோப்பியும்.

மாதவிலக்கு இல்லாத ஓர் ஆணுக்கு 54 வயதில் இரும்புச்சத்து வற்றினால், வேறு காரணம் உறுதியாகும்வரை குடலில் எங்கோ இரத்தம் கசிகிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். கசிவு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பெருங்குடலின் வலப்பக்கத்தில் கட்டி வந்தால் வலியோ மலச்சிக்கலோ இல்லாமல் வெறும் இரத்தசோகையாகவே முதலில் தலைகாட்டுவதுண்டு. அது புற்றுநோயாகத்தான் இருக்கும் என்று சொல்லவில்லை. இரைப்பைப் புண்ணாக இருக்கலாம், அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரையின் வேலையாக இருக்கலாம், பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியாகவும் இருக்கலாம். பாலிப் என்றால் பெரும்பாலும் அந்தச் சோதனையின்போதே அகற்றிவிடலாம்.

9.4 இப்போது 11.6 ஆனதில் உங்களுக்கு நிம்மதி. எனக்கோ அதுதான் கவலை. கேப்சூல் இழப்பை ஈடுகட்டியிருக்கிறது. இழப்பை நிறுத்தியதற்கு எந்த ஆதாரமும் இல்லை. உங்களை எச்சரிக்க இருந்த ஒரே அறிகுறியையும் நீங்களே அழித்துக்கொண்டிருக்கிறீர்கள். ஆறு மாதம் வீணாகிவிட்டது.

நீங்கள் படித்தது முழுப் பொய் இல்லை. பாதியில் நிறுத்தப்பட்ட உண்மை. ஒவ்வொரு லாக்டோஃபெரின் மூலக்கூறும் இரண்டு இரும்பு அணுக்களைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு நிரம்பிய வடிவம் ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும் புற்றைக் கட்டுப்படுத்தியது உண்மைதான். ஆனால் எலிக்குப் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலித்திருந்தால் எங்கள் புற்றுநோய்ப் பிரிவுகள் என்றைக்கோ காலியாகியிருக்கும். ஆய்வகத்தில் தயாரித்த மனித லாக்டோஃபெரினை நுரையீரல் புற்றுநோயாளிகள் 700க்கும் மேற்பட்டோரிடம் வாய்வழி மருந்தாகச் சோதித்தார்கள். 2012இல் முடிவு வந்தது: போலி மருந்து எடுத்தவர்களைவிட அவர்கள் கூடுதலாக வாழவில்லை. தாய்ப்பாலின் இன்னொரு புரதமான ஆல்ஃபா லாக்டால்புமின் கால்சியத்தை இழந்து ஒலியிக் அமிலம் எனும் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்தால் கட்டிச் செல்களைக் கொல்கிறது என்பது சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் 1990களில் கண்டறியப்பட்டது. எனக்கு அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் அதைச் சோதித்தவர்கள் மருந்தைக் குழாய் வழியே நேரே பைக்குள் செலுத்தினார்கள். யாருக்கும் குடிக்கக் கொடுக்கவில்லை.

பால் தாராளமாகக் குடியுங்கள். பெருங்குடல் புற்றுநோயைப் பொறுத்தவரை ஆய்வுகள் பாலுக்குச் சாதகமாகவே இருக்கின்றன. நகம் உடைவது இரும்புக் குறைவால் இருக்கலாம். வாயு பெரும்பாலும் அந்தக் கேப்சூலின் கைங்கரியம்.

இந்த வாரமே இரைப்பை, குடல் மருத்துவரைப் பாருங்கள். இரண்டு இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையும் கொண்டுபோங்கள். அப்பாவுக்கு எந்த வயதில் நோய் தெரிந்தது என்பதையும் சொல்லுங்கள். மலம் தார்போல் கறுத்துப் பிசுபிசுத்தாலோ தலைசுற்றி மயக்கம் வந்தாலோ அதுவரை காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். கொலனோஸ்கோப்பிக்கு ஒரு வாரம் முன்பே இரும்பு கேப்சூலை நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் குடல் சுவரில் கருமை படிந்து, பார்க்க வேண்டியது தெரியாமல் போகும்.