வெளிநாட்டில் தன்னார்வ ஆங்கில ஆசிரியராகப் போக விரும்பும் சேலத்தாருக்கு: கேள்வி பதில்

அஸ்தம்பட்டி வாசகர்: அம்மா, 120 மணிநேர டெஃப்ல் (ஆங்கிலத்தை அயல்மொழியாகக் கற்பிக்கும் பயிற்சி) சான்றிதழ் இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறது. அது போதுமா?

'டெஃப்ல்' என்ற பெயரில் யார் வேண்டுமானாலும் சான்றிதழ் அச்சிட்டுக் கொடுக்கலாம். கேம்பிரிட்ஜின் செல்ட்டா, டிரினிட்டியின் செர்ட்-டீசால் ஆகிய ஆங்கில ஆசிரியர் பயிற்சிப் படிப்புகளில், பயிற்றுநர் கடைசி வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்க, உண்மையான மாணவர்களுக்கு 6 மணிநேரம் பாடம் நடத்தியாக வேண்டும். அவை செலவு மிகுந்தவை. தன்னார்வலர் எல்லோருக்கும் கட்டாயமும் அல்ல. ஆனால் வகுப்பறையில் ஒருமுறையும் நிற்காமல் கிடைக்கும் சான்றிதழை நம்பி விமானம் ஏறாதீர்கள்.

சூரமங்கலம் வாசகி: எனக்கு இலக்கணம் நன்றாகத் தெரியும். பயிற்சி எதற்கு?

இலக்கணம் தெரிவது வேறு, அதைப் புரியவைப்பது வேறு. 'ஐ யூஸ்டு டு லிவ் இன் சேலம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, 'புரிந்ததா?' என்று கேட்டால் வகுப்பு முழுவதும் தலையாட்டும். அதற்குப் பதிலாக, 'இப்போது நான் சேலத்தில் இருக்கிறேனா? முன்பு இருந்தேனா? ஒருநாள் மட்டும் இருந்தேனா, பல காலமா?' என்று எளிய ஆங்கிலத்தில் கேட்டுப் பாருங்கள். 'இப்போதும் இருக்கிறீர்கள்' என்று பதில் சொல்லும் மாணவனுக்குப் பாடம் போய்ச் சேரவில்லை என்று அங்கேயே தெரிந்துவிடும். வேற்று நாட்டில் மாணவர் மொழி உங்களுக்குத் தெரியாது என்பதால், மொழிபெயர்த்துச் சமாளிக்கவும் வழியில்லை. இத்தகைய கேள்விகளை முன்கூட்டியே எழுதிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் பழக்கம் பயிற்சியால்தான் வரும்.

ஆத்தூர் வாசகர்: சம்பளம் இல்லையே, தாய்லாந்துக்குச் சுற்றுலா விசாவில் போகலாமா?

கூடாது. அங்கே ஊதியமில்லாத பணிக்கும் உரிய விசாவும் பணி அனுமதியும் வேண்டும். நேபாளத்துக்குள் நுழைய இந்தியருக்கு விசா தேவையில்லை என்றாலும், அங்கும் பள்ளியின் எழுத்துப்பூர்வமான அழைப்பைப் பெற்ற பிறகே புறப்படுங்கள்.

ஓமலூர் வாசகர்: சுற்றுலா விசாவே போதும் என்று முகவர் சொல்கிறாரே?

ஆத்தூர்க்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். பிடிபட்டால் சிக்குவது நீங்கள்தான், முகவர் அல்லர்.

நாகலூர் வாசகர்: ஏற்காட்டு மலைக் கிராமப் பிள்ளைகள் ஆங்கிலத்துக்கு ஏங்கும்போது, கம்போடியா எதற்கு?

நியாயமான கேள்வி. என்னிடம் ஆலோசனை கேட்டு வருவோரை, தலைமையாசிரியரின் அனுமதியோடு சேர்வராயன் மலைப் பள்ளி ஒன்றில் ஒரு பருவமாவது வாரந்தோறும் பாடம் நடத்தச் சொல்கிறேன். புத்தகமும் படம் காட்டும் கருவியும் இல்லாத வகுப்பில், ஐந்து வயதும் பத்து வயதும் கலந்திருக்கும் பிள்ளைகளை நடத்தப் பழகியவருக்கு எந்த நாடும் அந்நியமாகத் தெரியாது.

ஏற்காடு வாசகி: அப்படியானால் மலைப் பிள்ளைகள் வெறும் ஒத்திகைக்குத்தானா?

இல்லை அம்மா. அதனால்தான் ஒரு பருவம் என்றேன். இடையில் விட்டுவிட்டு ஓடுவதாக இருந்தால் தொடங்கவே வேண்டாம். அந்தப் பணியிலேயே மனம் ஒன்றிவிட்டால், வெளிநாட்டுப் பயணத்தைக் கைவிடுவதிலும் தவறில்லை.

எடப்பாடி வாசகர்: இரண்டு வாரம் ஆதரவற்றோர் இல்லத்தில் கற்பிக்கப் பணம் கட்டச் சொல்கிறார்கள்.

கட்டாதீர்கள். கம்போடிய இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தது தெரியவந்தது. பார்வையாளர் தரும் பணமே பிள்ளைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்துவைக்கத் தூண்டுகிறது. உங்கள் பின்னணியை விசாரிக்காமல், காவல்துறைச் சான்றும் கேட்காமல் குழந்தைகளிடம் அனுப்பும் அமைப்பை நம்பவே வேண்டாம்.

மேட்டூர் வாசகர்: சுற்றுலா விசாவை அங்கே போய் மாற்றிக்கொள்ளலாமா?

விசா பற்றி இது மூன்றாவது கேள்வி. புறப்படும் முன் அந்த நாட்டுத் தூதரகத்தில் கேளுங்கள்.