குளியல் குண்டு ஏன் ஒரே இரவில் உப்பிவிடுகிறது?

கேள்வி: வேலை முடிந்து வந்ததும் வெந்நீரில் சற்று நேரம் அமிழ்ந்து இளைப்பாற வேண்டும் என்பதற்காக வீட்டிலேயே, நீரில் போட்டதும் பொங்கிக் கரையும் ‘பாத் பாம்’ எனப்படும் குளியல் குண்டுகளைச் செய்து பார்த்தேன். முதல் முறை செய்தவை இரவோடு இரவாக உப்பி, மேலெல்லாம் மருக்கள் போலப் புடைத்துவிட்டன. மறுமுறை தண்ணீரைக் குறைத்தேன். அச்சிலிருந்து எடுத்ததுமே உதிர்ந்து பொடியாயின. எங்கே தவறுகிறேன்? என்னுடையது வறண்ட சருமம். எனக்கு இது ஒத்துக்கொள்ளுமா?

பதில்: இரண்டு முறையும் கெட்டதற்குக் காரணம் தண்ணீர்தான். முதல் முறை அது அதிகமாகிவிட்டது. மறுமுறை அதைக் குறைத்தது சரியான முடிவே. ஆனால் பொடிகளைப் பிடித்து நிறுத்துவதற்கு அதன் இடத்தில் வேறு எதையும் நீங்கள் சேர்க்கவில்லை. குளியல் குண்டு செய்பவர் முதலில் மனத்தில் நிறுத்த வேண்டியது இதுதான்: ஒட்டவைக்கும் வேலையை எண்ணெயிடம் கொடுக்க வேண்டும், தண்ணீர் குளியல் தொட்டிக்கு மட்டுமே உரியது.

இதன் காரணத்தைப் புரிந்துகொண்டால், எந்தச் செய்முறையைப் படித்தாலும் அதில் உள்ள பிழையை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். குண்டில் இருக்கும் முதன்மையான பொருள்கள் இரண்டு: சமையல் சோடா எனப்படும் சோடியம் பைகார்பனேட்டும், எலுமிச்சை உப்பு எனப்படும் சிட்ரிக் அமிலமும். உலர்ந்த நிலையில் இவை பக்கத்தில் பக்கத்தில் எத்தனை நாள் இருந்தாலும் ஒன்றையொன்று தொந்தரவு செய்வதில்லை. நீர் பட்டதும் அமிலம் கரைந்து சோடாவோடு வினைபுரிகிறது. கரியமில வாயுவும் சோடியம் சிட்ரேட்டும் உண்டாகின்றன. கூடவே புதிதாக நீரும் உண்டாகிறது என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. 100 கிராம் சிட்ரிக் அமிலம் முழுவதும் வினைபுரிந்தால் ஏறத்தாழ 28 கிராம் நீர் பிறக்கிறது. ஆகவே கலவையில் விழுந்த ஒரு துளி தன் வேலையை முடித்துக்கொண்டு ஓய்ந்துவிடுவதில்லை. அது உண்டாக்கும் நீர் பக்கத்துத் துகளை நனைக்க, அந்தத் துகள் இன்னும் கொஞ்சம் நீரைத் தர, வினை இரவு முழுவதும் மெல்ல நகர்ந்துகொண்டே போகிறது. உங்கள் குண்டுகளில் புடைத்த மருக்கள் ஒவ்வொன்றும் அப்படி ஒரு துளி விழுந்த இடமாகவே இருக்கும்.

அளவுக்கு வருவோம். 200 கிராம் சமையல் சோடா, 100 கிராம் சிட்ரிக் அமிலம், 50 கிராம் மக்காச்சோள மாவுச்சத்து, பொடித்த எப்சம் உப்பு 50 கிராம், எண்ணெய் 15 கிராம், எண்ணெயை நீரோடு கலக்கச் செய்யும் பாலிசார்பேட் 80 என்னும் பால்மமாக்கி 5 கிராம். இந்த அளவுக்கு 6 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைகள் மூன்று கிடைக்கும். கரண்டிக் கணக்கை விட்டுவிட்டுத் தராசில் நிறுத்தே எடுங்கள். சலித்த பொடியும் அமுங்கிய பொடியும் ஒரே கரண்டியில் ஒரே எடை காட்டுவதில்லை. சோடாவும் அமிலமும் இரண்டுக்கு ஒன்று என்பது வழக்கமான விகிதம். 100 கிராம் அமிலத்துக்கு உண்மையில் 131 கிராம் சோடா போதும். மிச்சமாகும் ஏறத்தாழ 70 கிராம் வினைபுரியாமல் குளியல் நீரில் கரைந்து, அதைச் சற்றே காரத்தன்மை உடையதாக்குகிறது. உங்கள் சருமத்தைப் பற்றிப் பேசும்போது இதற்குத் திரும்பி வருகிறேன். வாங்கும்போது ஒன்றில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை: சமையல் சோடா வேறு, சலவை சோடா வேறு. சலவை சோடா கடுமையான காரம், தோலை எரிக்கும். பொட்டலத்தில் சோடியம் பைகார்பனேட் என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே எடுங்கள்.

தண்ணீரே சேர்க்கவில்லையே, பிறகும் ஏன் உப்புகிறது என்று கேட்பவர்கள் உண்டு. நீர் ஒளிந்திருக்கும் இடங்கள் பல. சிட்ரிக் அமிலம் இரு வடிவங்களில் விற்கப்படுகிறது: நீரற்றது ஒன்று, படிக நீர் கொண்டது மற்றொன்று. பின்னதில் 100 கிராமுக்கு 8 கிராமுக்கு மேல் நீர் கட்டுண்டு கிடக்கிறது; சூடு பட்டால் அது வெளியேறும். ஆகவே நீரற்ற வகையையே தேர்ந்தெடுங்கள். எப்சம் உப்பின் எடையில் பாதிக்கு மேல் படிக நீர்தான். சாதாரண அறை வெப்பத்தில் அது தொல்லை தருவதில்லை என்றாலும், அடுப்பருகே வைத்தால் தரும். குண்டுகளைச் சூளை அடுப்பில் வைத்து விரைவாக உலர்த்தலாம் என்னும் யோசனையை நான் ஏற்பதில்லை. அதற்கு இது ஒரு காரணம். சமையல் சோடாவே 50 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகும்போது மெல்லச் சிதைந்து சலவை சோடாவாக மாறத் தொடங்குகிறது என்பது இன்னொன்று. உணவு நிறமிகளில் பல நீரில் கரைத்தவை. அவற்றின் சில துளிகளே கலவையைப் பொங்க வைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்றிலுள்ள ஈரம். மழை பெய்யும் நாளில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். அறையின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது.

இனிக் கலக்கும் முறை. கையுறை அணிந்துகொள்ளுங்கள், விரலில் கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் சிட்ரிக் அமிலம் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். பொடித்தூள் மூக்கில் ஏறாதிருக்க முகக்கவசமும் வேண்டும். முதலில் அமிலத்தைத் தவிர மற்ற பொடிகளை ஒன்றாகச் சலித்து, கட்டியில்லாமல் கலந்துகொள்ளுங்கள். எண்ணெயில் பாலிசார்பேட்டையும் நறுமண எண்ணெயையும் கலக்கி, மெல்லிய இழையாக ஊற்றியபடியே விரல் நுனிகளால் தேய்த்துப் பிசறுங்கள். அமிலம் கடைசியில் சேர வேண்டும். எண்ணெயில் பாதியளவுக்குக் கோகோ வெண்ணெயை உருக்கிச் சேர்ப்பது என் விருப்பமான முறை. அது 34 டிகிரி அளவில் உருகி, அறை வெப்பத்தில் மீண்டும் இறுகுவதால், குண்டு ஆறியதும் உள்ளிருந்தே ஓர் உறுதி கிடைக்கிறது. உதிர்ந்துபோகும் உங்கள் சிக்கலுக்கு இதைவிட எளிய தீர்வு இல்லை.

பதம் வந்துவிட்டதா என்பதைக் கை சொல்லும். ஒரு பிடி அள்ளி இறுக்கி மூடித் திறந்தால், உள்ளங்கை ரேகை பதிந்த கட்டியாக நிற்க வேண்டும். அதை ஒரு சாண் உயரத்திலிருந்து கிண்ணத்தில் போட்டால் இரண்டு மூன்று துண்டாக உடைய வேண்டுமே தவிர, மணலாகச் சிதறக்கூடாது. சிதறினால் 90 விழுக்காட்டுக்கு மேல் செறிவுள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளிப்பான் குப்பியில் எடுத்து, ஓரிரு முறை மட்டும் பனி போலத் தெளித்து உடனே பிசறி, மறுபடி சோதியுங்கள். அதில் நீர் மிகக் குறைவு. பொடிகளைச் சற்றே இணக்கிவிட்டு ஆவியாகிவிடும். எளிதில் தீப்பற்றும் என்பதால் அருகில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. காதைக் கிண்ணத்தருகே கொண்டுபோய்க் கேளுங்கள். சீறும் ஓசை மெலிதாகக் கேட்டாலும் ஈரம் மிஞ்சிவிட்டது என்று பொருள்.

அச்சின் இரு பாதிகளையும் தளும்பத் தளும்ப நிரப்பி, நேராக வைத்து அழுத்துங்கள். திருகினால் நடுவில் விரிசல் விழும். ஐந்து நிமிடம் கழித்து, கரண்டியின் பின்புறத்தால் சுற்றிலும் மெல்லத் தட்டி அச்சை விடுவியுங்கள். மடித்த மெத்தென்ற துணியின் மீது நிழலில் 24 முதல் 48 மணி நேரம் உலரட்டும். அவசரப்பட்டு மூடி வைக்காதீர்கள். தொடக்கக் காலத்தில் நான் செய்த நான்கு குண்டுகளை அன்றே கண்ணாடிச் சாடியில் இட்டு இறுக மூடினேன்; மறுநாள் மூடியைத் தளர்த்திய கணத்தில் அது கையிலிருந்து துள்ளிப் பறந்தது. முழுக்க உலர்ந்த பிறகு ஒவ்வொன்றையும் நெகிழிப் படலத்தில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மூன்று மாதத்துக்குள் பயன்படுத்திவிட்டால் பொங்கும் வேகம் குறையாமல் இருக்கும். பார்ப்பதற்கு மிட்டாய் போல இருப்பதால் குழந்தைகளுக்கு எட்டாத இடமாக அது இருக்கட்டும்.

நிறத்துக்கு மைக்கா எனப்படும் மினுமினுக்கும் கனிமத் தூள் போதும். அதையும் சிட்டிகை அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். உலர்ந்த பூவிதழ்கள் அழகுதான், ஆனால் வடிகாலை அடைத்துக்கொள்ளும்.

உங்கள் சருமத்துக்கு வருகிறேன். ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு இயல்பாகவே சற்று அமிலத்தன்மை உடையது. முன்பு சொன்ன மிச்சச் சோடா அந்தச் சமநிலையைச் சிறிது நேரம் குலைக்கும். எண்ணெய்ப்பசை குறைந்த தோலில் இது இழுவையாகவும் அரிப்பாகவும் தெரியலாம். எனவே உங்களுக்கு 200 கிராம் சோடாவை 150 ஆகக் குறைத்து, அந்த 50 கிராமுக்கு நுண்ணிய ஓட்ஸ் பொடி சேர்க்கப் பரிந்துரைக்கிறேன். பொங்கும் வேகம் குறையாது. வாரத்துக்கு ஒரு முறை போதும். தோலழற்சி கிளர்ந்திருக்கும் நாள்களிலும், புண் ஆறாதபோதும் முற்றிலும் தவிர்த்துவிடுங்கள்.

நறுமண எண்ணெயில்தான் வீட்டில் செய்பவர்கள் அளவு மீறுகிறார்கள். மேலே சொன்ன மொத்தக் கலவைக்கும் 2 மில்லிலிட்டருக்கு மேல் வேண்டாம். சாதாரணச் சொட்டுக் குப்பியில் அது ஏறத்தாழ 40 சொட்டு. எண்ணெய் நீரில் கரையாது. பால்மமாக்கி இல்லாவிட்டால் அது தொட்டியின் மேல் மிதந்து, அமர்ந்திருப்பவரின் தோலில் அப்படியே படிகிறது. பாலிசார்பேட்டை நான் வலியுறுத்துவது இதனால்தான். லாவெண்டர் பெரும்பாலானோருக்கு ஒத்துக்கொள்ளும். இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்கள் தோலை எரிக்கக்கூடியவை. பெர்கமாட் எண்ணெய் பட்ட தோல் வெயிலில் கன்றிவிடக்கூடும். எதைத் தேர்ந்தாலும் முன்னதாகச் சாதாரண எண்ணெயில் மிகச் சிறிதளவு கலந்து, முன்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

எப்சம் உப்பிலுள்ள மக்னீசியம் தோல் வழியாக உடலுக்குள் சென்று தசைகளைத் தளர்த்துகிறது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. அதற்கு வலுவான சான்று இல்லை. நீங்கள் நாடும் இளைப்பாறலைத் தருவது பெரும்பாலும் வெந்நீரே. வெதுவெதுப்பில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வெளியே வந்த பின் உடலின் உள்வெப்பம் மெல்லக் குறைவது உறக்கத்துக்கு வழிவிடுகிறது. படுக்கப் போவதற்கு ஒன்று அல்லது இரண்டு மணி நேரம் முன்னதாக, 37 முதல் 40 டிகிரி வரையிலான நீரில் 15 நிமிடம் இருந்தால் போதும். அதற்கு மேல் நீண்டால் வறண்ட சருமம் இன்னும் வறளும். கருவுற்றவர்கள், இதய நோயோ குறைந்த இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்ட பிறகே வெந்நீரில் அமர வேண்டும். தொட்டி இல்லாதவர்கள் பாதங்கள் அமிழும் அளவுள்ள பாத்திரத்தில் ஒரு குண்டில் நாலில் ஒரு பங்கைப் போட்டுக்கொள்ளலாம்.

எழும்போது கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மெதுவாக எழுங்கள். எண்ணெய் படிந்த தொட்டி மிகவும் வழுக்கும். உடலைத் துண்டால் ஒற்றியெடுத்து, ஈரம் முழுதும் காய்வதற்கு முன்பே ஈரப்பதக் களிம்பைப் பூசிக்கொள்ளுங்கள். அடுத்துக் குளிக்க வருபவர் சறுக்கி விழாமல் இருக்க, நீர் வடிந்தவுடன் தொட்டியைச் சோப்பிட்டுத் தேய்த்துக் கழுவிவிடுங்கள்.