லயத்துக்கு மேலே இருக்கிற காடு: கேட்டவையும் பதில்களும்

இலங்கையில் பண்டாரவளைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களுக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) மேலே ஒரு காட்டுத்துண்டு இருக்கிறது. எங்கள் பீலியில் விழுகிற தண்ணீர் அந்தக் காட்டு ஊற்றிலிருந்துதான் வருகிறது. அதைப் பார்த்துக்கொள்ளும் ஊர்க் குழுவில் நானும் ஒருத்தி. கேட்டவர்களுக்கெல்லாம் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன்.

ஹட்டனிலிருந்து ஒரு தம்பி: நாங்களும் இப்படி ஒரு குழு தொடங்கப்போகிறோம். கன்று எங்கே வாங்கலாம் அக்கா?

கன்று அப்புறம் தம்பி, முதலில் காணி யார் பொறுப்பில் என்று பாருங்கள். தோட்டக் காணி பெரும்பாலும் அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு கம்பனிகள் நடத்துகின்றன, பக்கத்திலேயே வனத் திணைக்களத்தின் காணியும் இருக்கலாம். யாருடையதோ அவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள், கிராம சேவகருக்கும் ஒரு பிரதி கொடுங்கள். இன்றைக்கு வாயால் சரி என்ற தொரை (தோட்ட முகாமையாளர்) நாளைக்கு மாற்றலாகிப் போனால் புதியவருக்கு உங்களைத் தெரியாது. நடுகைக்கு உங்கள் பக்கம் மே மாதத்துத் தென்மேற்கு மழை சரி. எங்களுக்கு அக்டோபருக்கு மேல்தான்.

பெயர் வேண்டாம் என்ற ஒருவர்: விறகு பொறுக்க வருகிற பெண்களை எப்படித் தடுக்கிறீர்கள்?

தடுப்பதில்லை. கொழுந்து எடுத்து வந்து அடுப்பு மூட்ட வேண்டிய பெண்ணிடம் காட்டுக்குள் வராதே என்று சொல்ல எனக்கு மனசும் இல்லை, உரிமையும் இல்லை. காய்ந்து விழுந்ததை எடுக்கலாம், பச்சைக் கொப்பில் கத்தி வைக்கக்கூடாது, ஊற்றுக்குக் கிட்ட விழுந்ததையும் அப்படியே விட்டுவிட வேண்டும். இதை அவர்களோடு உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்தோம். இப்போது புதிதாக யாராவது மரம் வெட்டினால் எங்களுக்கு முதலில் சொல்வது அவர்கள்தான். காட்டுக்குள் அன்றாடம் போகிறவர்களை வெளியே வைத்துவிட்டு யாரும் காட்டைக் காக்க முடியாது.

எல்லவிலிருந்து: தீ வந்தால் என்ன செய்வது?

எங்கள் ஊவா மாகாணத்தில் ஜூலை முதல் செப்டம்பர் வரை மானாப்புல் காய்ந்து கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். அதனால் ஜூன் முடிவதற்குள் காட்டோரம் முழுக்கப் புல்லைச் செதுக்கி மண் தெரிய ஒரு பட்டை விடுகிறோம். முதுகு ஒடிகிற வேலை, படம் எடுக்க யாரும் வரமாட்டார்கள், ஆனால் நடுகையை விட இதுதான் முக்கியம் என்பேன். தீ மேட்டை நோக்கித்தான் வேகமாக ஓடும், அதனால் அதற்கு மேலே ஒருவரும் நிற்கக்கூடாது. ஓரத்தில் சின்னதாக எரிந்தால் பச்சைக் கொப்பால் அடித்து அணைக்கலாம். ஆள் உயரத்துக்கு எழுந்துவிட்டால் விலகிவிடுங்கள், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கோ தீயணைப்பின் 110க்கோ அழையுங்கள்.

அவரே: பைன் மரங்களை வெட்டிவிடலாமா?

அனுமதியில்லாமல் தொடவே கூடாது. ஒரேயடியாக வெட்டினால் சரிவில் மண்ணும் போய்விடும். சிங்கராஜ மழைக்காட்டு ஓரத்தில் சில பைன் வரிசைகளை மட்டும் எடுத்து வெளிச்சம் விட்டு, உள்ளூர்க் கன்றுகளை நட்டு ஆய்வு செய்திருக்கிறார்கள், கன்றுகள் நன்றாகவே வந்தன. எங்கள் காய்ந்த சரிவுக்கு நெல்லி, கடுக்காய், தான்றி. தீயை ஓரளவு தாங்கும்.

மஸ்கெலியாவிலிருந்து ஒரு அம்மா: சிறுத்தை இருக்குமே, பிள்ளைகளை அனுப்பலாமா?

பகலில், பெரியவர்களோடு, பேசிக்கொண்டு போனால் அது தானாக விலகிப் போய்விடும் அம்மா. அந்தி சாய்ந்த பிறகு வேண்டாம். எனக்குப் பெரிய பயம் காட்டுப்பன்றிக்கு வைக்கிற கம்பிச் சுருக்குத்தான். 2020 மே மாதம் உங்கள் நல்லதண்ணிப் பக்கம் அப்படி மாட்டிய கருஞ்சிறுத்தை பிழைக்கவில்லை, அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. வேலிக் கம்பியோ பிரேக் கம்பியோ புதர் இடைவெளியில் வளையமாகத் தொங்கும், முழங்கால் உயரத்தில் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். வெறும் சுருக்கு என்றால் கழற்றிவிடுகிறோம். மிருகம் மாட்டியிருந்தால் கிட்டப் போகாமல் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைக்கிறோம்.

பதுளையிலிருந்து ஒரு மாணவி: ஞாயிறு மட்டும்தான் நேரம். வரலாமா?

தாராளமாக வாங்க தங்கச்சி. பழைய சப்பாத்து, நீளக் காற்சட்டை, அட்டைக்குக் காலில் தேய்க்கச் சவர்க்காரம். மம்பட்டி நாங்கள் தருகிறோம். முதல் நாள் நடுகை இருக்காது, போன மழைக்கு வைத்த கன்றுகளைச் சுற்றிப் புல் பிடுங்குகிற வேலைதான்.