தியாகியின் வீடு நினைவு இல்லமாக: வாசகர் கேள்விகள்

கேள்வி: வெள்ளையரை எதிர்த்துச் சிறை சென்ற எங்கள் ஊர் வீரரின் ஓட்டு வீடு பூட்டிக் கிடக்கிறது. வாரிசுகள் தரத் தயார். நினைவு இல்லமாக்க எங்கே தொடங்குவது? (தென்காசி மாவட்ட வாசகர்)

பதில்: பத்திரத்தில் தொடங்குங்கள். வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்கட்டும். ஒரு வாரிசு மற்றவர் பங்கைத் தானமாகக் கொடுக்க முடியாது. எங்கோ இருக்கும் ஒரு பங்காளியின் கையெழுத்தில்தான் பெரும்பாலும் வேலை முடங்கும். தானப் பத்திரத்தை இரண்டு சாட்சிகளோடு பதிவு செய்ய வேண்டும். கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும்.

அரசு பராமரிக்க வேண்டுமென்றால் மாவட்ட ஆட்சியர் வழியாகச் செய்தி மக்கள் தொடர்புத் துறைக்கு மனுக் கொடுங்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீடு, ஓட்டப்பிடாரத்தில் வ.உ.சி. இல்லம் எல்லாம் அத்துறையின் பொறுப்பில்தான் உள்ளன. உங்கள் ஊர் வீரர் அந்த வீட்டில்தான் வாழ்ந்தார் என்பதற்கு ஆதாரமும் சேருங்கள். ஊர்ப் பேச்சு போதாது. பழைய பத்திரம், வரி ரசீது, முகவரியுள்ள கடிதம் உதவும். வழக்கு, சிறைக் கோப்புகளை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தேடலாம்.

கேள்வி: சுவர் உப்புப் பூத்து உதிர்கிறது. திறப்பு விழாவுக்குள் சிமென்ட் பூசிவிடலாமா?

பதில்: கூடவே கூடாது. சுண்ணாம்புக் காரைச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமென்ட் அதை உள்ளேயே அடைத்துவிடும். உப்பு செங்கல்லுக்குள் படிந்து அதைப் பொடியாக்கும். முதல் வருடம் பளபளப்பாகத்தான் இருக்கும், பிறகு பூச்சு செங்கல்லின் முகத்தோடு பெயர்ந்து வரும்.

முதலில் ஈரம் வரும் வழியை அடைத்துவிடுங்கள். தார் மேல் தார் போட்டுச் சாலை திண்ணையைவிட உயர்ந்திருந்தால், மழைநீர் அஸ்திவாரத்தில் இறங்குகிறது என்று பொருள். சுவரோரம் வடிகால் வெட்டுங்கள். உடைந்த ஓடுகளை மாற்றுங்கள். விட்டங்களில் சுவருக்குள் செருகிய முனைதான் முதலில் மட்கும். ஆணியால் குத்திப் பாருங்கள். சுவர் காய்ந்த பிறகே, நன்றாக நீர்த்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்றுமணல் மூன்று பங்கு கலந்து மெல்லிய அடுக்குகளாகப் பூசுங்கள். இதற்கு மாதங்கள் பிடிக்கும். விழாத் தேதியைக் கொத்தனாரைக் கேட்டுக் குறியுங்கள், அமைச்சரைக் கேட்டல்ல!

கேள்வி: அவருடைய கடிதங்களை லேமினேட் செய்து மாட்டலாமா?

பதில்: லேமினேட் செய்தால் தாளைப் பிரித்தெடுக்க வழியில்லை. நகலை மாட்டுங்கள். மூலம், அமிலமற்ற தாளுறையில், வெயிலும் ஈரமும் படாத பெட்டியில் இருக்கட்டும்.