35 எடுத்த பையன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பி.காம். முடித்துவிட்டு ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். இரவில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழி படிக்கிறேன். மதிப்பெண்ணைக் கேட்டு வாங்கி, 90-க்கு மேல் என்றால் ‘மிக நன்று’, 60-க்கு மேல் ‘நன்று’, 35 எடுத்தால் ‘தேர்ச்சி’ என்று சொல்லும் புரோகிராம் எழுதினேன். 95 கொடுத்தாலும் ‘தேர்ச்சி’ என்றே வருகிறது. தோழி வரிகளை இடம் மாற்றிக் கொடுத்தாள், சரியாகிவிட்டது. விடையைப் பார்த்தால் புரிகிறது. நானாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. இந்தச் சின்னப் பயிற்சிகளை விட்டுவிட்டு நேராகப் பெரிய புராஜெக்ட்டுக்குப் போய்விடலாமா?

வாசகி, தென்காசி

அன்புள்ள வாசகிக்கு,

போக வேண்டாம். உங்களுக்குக் கை ஓடாத இடம் இதுதான், இதைக் கடந்துவிட்டுப் போங்கள்.

முதலில் அந்த 95. நீங்கள் “35 அல்லது அதற்கு மேலா?” என்பதை முதல் கேள்வியாக வைத்திருப்பீர்கள். 95-உம் அதற்கு ‘ஆம்’ என்றுதான் சொல்லும். இஃப் (இப்படியானால்), எலிஃப் (இல்லை, அப்படியானால்) என்று கேள்விகளை அடுக்கும்போது முதல் ‘ஆம்’ கிடைத்ததும் பைத்தான் வெளியே வந்துவிடும். கீழே இருப்பதைப் பார்க்காது. சின்னக் கண் சல்லடையை மேலே வைத்தால் எல்லாம் அதிலேயே தங்கிவிடும் அல்லவா? அதனால்தான் 90 மேலே போக வேண்டும்.

இப்போது உங்கள் கடிதத்தையே திரும்பப் படியுங்கள். “90-க்கு மேல்” என்று எழுதியிருக்கிறீர்கள். சரியாக 90 எடுத்தவர் எதில் சேர்வார்? பேச்சில் ‘மேல்’ என்றால் கேட்பவர் இடம் பார்த்துப் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. கை ஓடாததற்குக் காரணம் பைத்தான் தெரியாததல்ல, இந்தக் கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதே. கீபோர்டைத் தொடுவதற்கு முன் நோட்டில் இரண்டு பத்தி போடுங்கள். இடப்பக்கம் 34, 35, 59, 60, 89, 90, 100. வலப்பக்கம் ஒவ்வொன்றுக்கும் என்ன வர வேண்டும் என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். அதை எழுதி முடித்தால் பாதி புரோகிராம் முடிந்தது.

பல வருடங்களுக்கு முன் ஒரு பள்ளிக்கு மதிப்பெண் பட்டியல் போட்டுக்கொடுத்தேன். ‘பெரியது’ குறியை ஒட்டி வர வேண்டிய சமக்குறியை விட்டுவிட்டேன். 35 எடுத்த ஒரு பையனின் பெயருக்கு நேரே ‘தேர்ச்சி இல்லை’ என்று அச்சாகி, அறிவிப்புப் பலகையிலும் ஒட்டியாகிவிட்டது. வகுப்பாசிரியை கண்டுபிடித்தது மறுநாள்தான். அந்த ஓர் இரவை அவன் வீட்டில் எப்படிக் கழித்திருப்பான் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். 35-ஐப் போட்டுப் பார்க்காமல் எதையும் கையை விட்டு அனுப்பாதீர்கள்.

வாங்கும் இடத்தையும் கவனியுங்கள். பைத்தான் 3-இல் ‘இன்புட்’ எதைக் கொடுத்தாலும் எழுத்தாகவே வாங்கும். ‘இன்ட்’ போட்டு எண்ணாக்காமல் 35-ஓடு ஒப்பிட்டால் பிழை காட்டி நின்றுவிடும், நல்லதுதான். இரண்டு பக்கமும் எழுத்தாக இருந்தால்தான் ஆபத்து: அகராதி வரிசையில் பார்த்து, 100-ஐ 35-க்குச் சிறியது என்று சொல்லிவிடும். தேர்வுக்கு வராத பிள்ளைக்கு ஆசிரியர் ‘ஏபி’ என்று தட்டினால் ‘இன்ட்’ பிழை காட்டும். அதற்கும் ஒரு பதில் வைத்திருங்கள். ஒன்று சொன்னால் மகிழ்வீர்கள்: ௩௫ என்று தமிழ் எண்ணில் கொடுத்தாலும் ‘இன்ட்’ அதை 35 என்றே வாங்கிக்கொள்ளும். பத்துக்குரிய ௰ சேர்த்துப் பழைய முறையில் ௩௰௫ என்று எழுதினால் ஏற்காது.

அடுத்துச் செய்ய ஒரு பயிற்சி: ஆண்டைக் கேட்டு, லீப் ஆண்டா என்று சொல்ல வேண்டும். நான்கால் வகுபட்டால் லீப். 100-ஆல் வகுபட்டால் இல்லை. 400-ஆல் வகுபட்டால் மீண்டும் லீப். 1582-இல் வந்த கிரிகோரியன் நாள்காட்டியின் விதி இது. எக்செல் இன்றுவரை 1900-ஐ லீப் ஆண்டாகவே வைத்திருக்கிறது. எக்செல்லுக்கு முன்பிருந்த லோட்டஸ் 1-2-3 என்ற கணக்கு அட்டவணை புரோகிராமின் பிழை அது. அதன் கோப்புகளோடு ஒத்துப்போக வேண்டும் என்று அப்படியே எடுத்துக்கொண்டார்கள். ஒரு செல்லில் 60 என்று போட்டுத் தேதியாக மாற்றிப் பாருங்கள், 1900 பிப்ரவரி 29 வரும்.

மூன்று கேள்விகளில் எது மேலே வர வேண்டும் என்பதைத் தோழியிடம் கேட்காமல் நீங்களே முடிவு செய்யுங்கள். 1900, 2000, 2023, 2024 நான்கையும் போட்டுப் பார்த்துவிட்டு, அந்த நோட்டுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள்.